கிரிகாமா பிறந்த மத்தியானம்

அடி வாங்குவதற்கென்றே ஒரு ஜாதகம் உண்டென்றால் அது சுரேந்திரனுடையதுதான். சென்னைக்குப் போய் சினிமாவில் ஃபைட்டராகச் சேர்ந்த பதினான்கு வருஷத்தில் மூன்று விலா எலும்பு, இடது தோள்பட்டை, முன்பல் இரண்டு என்று ஒவ்வொன்றாக முறித்துக்கொண்டவன். கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுவான், ஓடும் லாரியிலிருந்து உருளுவான், ஹீரோ தொட்டால் பத்தடி பறப்பான். இத்தனை செய்தும் அவன் மூஞ்சியை ஒரு படத்திலாவது யாராவது பார்த்ததுண்டா? முதுகு தெரியும், பறக்கிற கால் தெரியும். மூஞ்சி தெரிந்தால் டைரக்டர் "கட்" சொல்லிவிடுவார்.

அப்பேர்ப்பட்டவன் மூஞ்சியைக் காட்டவும் ஒரு படம் வந்தது. அதுவும் ஜப்பானிலிருந்து வந்தது.

அங்கே ஒரு சூப்பர் ஹீரோ படம் ஓடு ஓடென்று ஓடியதாம். சிவப்பு உடுப்புக்காரன் ஹீரோ. அவனோடு மோதுகிற வில்லன் பெயர் கிரிகாமா. பனிமூட்டத்துக்குள்ளிருந்து அரிவாளும் கோரைப்பல்லுமாக வருவான். சின்னப் பிள்ளைகள் அவனைப் பார்த்துப் பயந்து போர்வைக்குள் ஒளியும், மறுநாள் கடையில் அவன் பொம்மையைத்தான் கேட்டு அழும். இந்தக் கிரிகாமா எப்படி வில்லன் ஆனான் என்று, அந்தக் கதைக்கு முந்தைய கதையை இப்போது எடுக்கிறார்கள். தூர தேசத்து மலையில் தேயிலை ஃபேக்டரிக் கூலிக்காரனாக இருந்தவன், செய்யாத தப்புக்கு அடிபட்டு, அவன் சொன்னதை ஒருத்தரும் காது கொடுத்துக் கேட்காததால் முகமூடி மாட்டிக்கொண்டானாம். ஜப்பானில் இல்லாத தேயிலையா என்று கேட்காதீர்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது இடிந்த ஃபேக்டரியும், கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் ஒழுகுகிற லயமும். அது இரண்டும் நம்மிடம் தாராளமாக இருக்கின்றன. கோத்தகிரிக்குக் கீழே மூடிக்கிடந்த ஒரு எஸ்டேட் ஃபேக்டரியைப் பிடித்தார்கள்.

முகமூடி மாட்டுவதற்கு முன்னால் வரும் கூலிக்காரனும், பிறகு முகமூடிக்கு உள்ளே இருக்கப்போகிறவனும் ஒரே ஆளாக இருக்கட்டும் என்றார் டைரக்டர் மொரிதா. சுரேந்திரனின் போட்டோவைப் பார்த்து, இந்த மூஞ்சியில் ஏதோ சொல்லாமல் நிற்கிறது என்றாராம். எங்கே ஷூட்டிங் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. கோத்தகிரி தாண்டி வண்டி இடப்பக்க மண்ரோட்டில் இறங்கியபோதுதான், தான் பிறந்த எஸ்டேட்டுக்கே போகிறோம் என்று தெரிந்தது. பதினான்கு வருஷமாக அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன் அவன்.

இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த சனம் அந்த லயத்துச் சனம். வரும்போது தகரப் பெட்டியோடு காமன் கூத்தையும் தூக்கிக்கொண்டு வந்தது. மாசி மாதம் கம்பம் நட்டு, மன்மதனும் ரதியும் ஆடி, கடைசியில் சிவன் மன்மதனை எரிக்கும் கூத்து. அதில் வீரபத்திரன் வருகிற இடம்தான் பொல்லாதது. சிவப்பு மை பூசி, கோரைப்பல் கட்டி, அரிவாளோடு வருகிறவனுக்கு நிஜமாகவே அருள் இறங்கிவிடும். எங்கே பாய்வான், யாரை வெட்டுவான் என்று சொல்ல முடியாது. அதனால் இடுப்பில் கயிறு கட்டி இரண்டு பக்கமும் ஆள் இழுத்துப் பிடித்துக்கொண்டே வருவார்கள். கயிறு பிடித்தவன் தலையே போனாலும் கையை விடக்கூடாது. அருள் வந்தவன் மேல் வேறு யாரும் கை வைக்கவும் கூடாது, வைத்தால் வைத்தவன் குடும்பம் விளங்காது. தப்பு மேளத்தை நிறுத்தாமல் அடித்து, சூடம் காட்டி, வந்திருப்பது யார், என்ன வேண்டும் என்று கேட்டு, கேட்டதைக் கொடுத்துத்தான் மலையேற்ற வேண்டும்.

சுரேந்திரனின் அப்பா அழகையா இருபது வருஷம் வீரபத்திரன் கட்டியவர். கடைசி வருஷம், விடிந்து வெயில் ஏறுகிற நேரத்தில், ரோட்டோரக் கல்கட்டைப் பார்த்துப் பாய்ந்தார். இடப்பக்கக் கயிறு மகன் கையில் இருந்தது, வலப்பக்கக் கயிறு அத்தை மகன் பாலகுமார் கையில். பாலகுமார் அந்த வாரம்தான் புது செல்போன் வாங்கியிருந்தான். சட்டைப் பையில் அது மினுங்கியது. ஒரு கையை விட்டுப் போனை எடுத்தான். மறு கையிலிருந்து கயிறு உருவிக்கொண்டு போயிற்று. சுரேந்திரன் ஒருத்தனாகப் பிடித்துப் பார்த்தான். உள்ளங்கைத் தோல் உரிந்ததுதான் மிச்சம். அழகையா இருபதடி கீழே ஓடைப் பாறையில் தலை மோதிச் செத்தார்.

சாமி எடுத்துக்கிச்சு என்றது ஊர். தப்பு முழக்கத்தில் போனைப் பார்த்தவன் சுரேந்திரன் ஒருத்தன்தான். பாலகுமாரே வந்து ஒரு வார்த்தை சொல்வான் என்று காரியம் முடியும்வரை காத்திருந்தான். அவன் மாலை மாலையாகக் கண்ணீர் விட்டானே தவிர அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. பதினேழாம் நாள் சுரேந்திரன் பஸ் ஏறிவிட்டான்.

இப்போது அந்தப் பாலகுமார்தான் படத்துக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவன். கூத்துக் கமிட்டிக்கும் அவன்தான் தலைவர். வெள்ளைச் சட்டை, விரலில் மோதிரம், சின்னதாக ஒரு தொப்பை. "மச்சான்! சினிமாக்காரரே!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டான். லயத்திலிருந்து நாற்பது பேரைக் கூட்டத்துக்கு நிறுத்தியிருந்தான், அடியாட்கள் கூட்டத்தில் தானும் ஒருத்தனாக வேஷம் போட்டுக்கொண்டிருந்தான்.

முதல் நாள் ஒரு காரியம் நடந்தது. சண்டை மாஸ்டர் ஒகூரா அறுபது வயதுக்காரர், முப்பது வருஷம் முகமூடிக்குள் இருந்து அடிபட்டவர். கிரிகாமாவின் சிவப்பு முகமூடியை மேஜை மேல் வைத்து, முன்னால் உப்பும் அரிசியும் சாராயமும் வைத்து, இரண்டு தடவை கைதட்டிக் குனிந்து கும்பிட்டார். யாருக்கும் அடிபடக்கூடாது என்று அவர்கள் ஊர் வழக்கமாம். லயத்துப் பெண்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

"பாத்தியா, அவங்களும் படையல் போட்டுத்தான் தொடங்குறாங்க," என்றாள் கருப்பம்மாள். லயத்தில் சூடம் காட்டுவது எப்போதும் அவள்தான். "பல்லப் பாரு, மொகத்தப் பாரு. இது அவங்க நாட்டு வீரபத்திரன்டி." போய் முகமூடி நெற்றியில் குங்குமத்தை வைத்துவிட்டாள். ஒகூரா சந்தோஷப்பட்டு அவளுக்கும் ஒரு கும்பிடு போட்டார். ஜப்பான்காரர் பேசுவதைத் தமிழில் சொல்வதற்கென்று கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த ஷண்முகப்ரியா அதை போட்டோ எடுத்தாள். எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை, கூலிக்காரன் அடிபடும் காட்சி. சுரேந்திரனின் மூஞ்சி தெரியப்போகிற காட்சி. மேக்கப் போட்டு உட்கார்ந்திருந்தவனுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள் இந்துமதி. பாலகுமாரின் பெண்டாட்டி. தேவாலாவிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், நல்ல மாதிரி.

"மனசுல வச்சுக்காதீங்கண்ணே," என்றாள். "கயிறு வழுக்கினா மனுசன் என்ன செய்வான்? அப்பாவக் கொல்லணும்னா விட்டீங்க?"

"யாரு கயிறும்மா?"

அவள் திணறினாள். "ஒங்க கயிறுதான்... ஒங்க கையிலருந்துதான் நழுவுச்சாமே. அவருதான் சொன்னாரு. வெளிய சொல்லாத, மச்சான் பாவம்னுதான் சொன்னாரு. ஆனா லயத்துல எல்லாருக்கும் தெரியும்ணே. யாரும் தப்பா நெனைக்கல."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். சுரேந்திரன் தேத்தண்ணியைக் கீழே வைத்தான். சுற்றியிருந்த நாற்பது முகங்களையும் பார்த்தான். நேற்று முழுக்க ஏன் எல்லாரும் இரக்கத்தோடு தோளைத் தட்டினார்கள் என்று இப்போது விளங்கியது. அப்பனைக் கொன்ற பிள்ளைக்குக் காட்டிய இரக்கம் அது. பதினான்கு வருஷம் அவன் ஊருக்கு வராததும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

அந்த நினைப்போடுதான் அடிவாங்கப் போனான். கம்பு உடம்புக்கு நாலு விரற்கடை முன்னால் நிற்க வேண்டும், வலித்தால் தரையைக் கையால் மூன்று தடவை தட்ட வேண்டும், உடனே நிறுத்திவிட வேண்டும் என்று ஒகூரா எல்லாருக்கும் செய்து காட்டியிருந்தார். மற்றவர்கள் கம்பு அப்படியே நின்றது. பாலகுமாரின் மூங்கில் நிற்கவில்லை. கன்னத்தில் சப்பென்று இறங்கி எலும்புவரை தோலைக் கிழித்தது. இரண்டாவது அடி காதில் விழுந்தது. வாயெல்லாம் உப்பு. சுரேந்திரன் தட்டவில்லை. தட்டினால் மூஞ்சி தெரிகிற ஷாட் போய்விடும். ரத்தம் ஒழுக ஒழுகக் கேமராவைப் பார்த்தான். மொரிதா நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கைதட்டினார்.

"நடிக்கிறதுன்னா அதுக்காகப் பொய்யாவா அடிக்கிறது?" என்று சிரித்தான் பாலகுமார். கன்னத்தில் ஐந்து தையல் போட்டார்கள்.

மத்தியானச் சாப்பாட்டில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான் சுரேந்திரன்.

"அன்னிக்கு போன்ல யாரு மச்சான்?"

பாலகுமார் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. "எந்த போனு?"

"நான் விட்டேன்னு லயம் பூரா சொல்லி வச்சிருக்க. நெசத்த ஒரு தடவ சொல்லிரு. எல்லாரும் இங்கதான் இருக்காங்க. எந்திரிச்சு நின்னு சொல்லு. நான் கும்பிட்டுட்டுப் போயிர்றேன்."

பாலகுமார் அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "சொன்னா எனக்கு இங்க என்ன மருவாத இருக்கும்? கமிட்டித் தலைவரு நானு. நீ இங்கயா இருக்கப் போற? நாளான்னைக்கு பஸ் ஏறிருவ. அது ஒம்மேல இருந்துட்டுப் போனா ஒனக்கு என்ன கொறஞ்சு போச்சு?" அப்பளத்தை நொறுக்கிக்கொண்டான். "தூரத்துல இருக்கவன் சொமந்தா பாரம் தெரியாது மச்சான்."

ஏதோ நியாயம் பேசுகிறவன் போல அவன் அதைச் சொன்னதுதான் சுரேந்திரனுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய்க் கை கழுவினான்.

மத்தியானக் காட்சிதான் படத்துக்கே உயிர். ஃபேக்டரியின் மேல்மாடி, ஒரு காலத்தில் கொழுந்தை வாட வைத்த நீளமான கூடம். முகமூடி மாட்டிய கூலிக்காரனை நாலு பேர் கயிறு கட்டிப் பிடித்திருப்பார்கள். அவன் திமிறி அறுத்துக்கொண்டு பாய்ந்து, எல்லாரையும் வெட்டிச் சாய்ப்பான். ஒரே ஷாட், நடுவில் நிறுத்தம் கிடையாது. சண்டைக்கு வேகம் வேண்டும் என்று மொரிதா கேட்டதால் லயத்துத் தப்புக்காரர்களையும் ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். வேகமான அடி என்றால் அவர்களுக்குத் தெரிந்தது வீரபத்திரன் அடி. யாருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. இடுப்பில் கயிறு, கையில் அரிவாள், சிவப்பு முகம், கோரைப்பல், தப்பு. பார்த்துப் பார்த்துச் சாமியைக் கூப்பிட்டால்கூட இவ்வளவு பொருத்தமாகக் கூப்பிட முடியாது.

முகமூடிக்குக் கண்ணில் ஓட்டை இல்லை. மூக்கில் இரண்டு சிறு துளைகள், அதன் வழியாகத்தான் பார்க்க வேண்டும். உள்ளே பசை நாற்றம், தன் மூச்சு தனக்கே இரைந்து கேட்டது. தையல் போட்ட கன்னம் உரசி எரிந்தது. சுரேந்திரன் துளை வழியாக வலப்பக்கம் பார்த்தான். முன்கயிற்றைப் பாலகுமார் பிடித்திருந்தான். இந்தத் தடவை இரண்டு சுற்று மணிக்கட்டில் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்திருந்தான். கேமரா இருக்கிறதல்லவா.

புகை விட்டார்கள். உடைந்த ஜன்னல் வழியாக நிஜப் பனியும் வந்து சேர்ந்துகொண்டது. தப்பு இறங்கியது.

சொல்லிக் கொடுத்தபடியே மூன்று தடவை திமிறினான். மற்ற மூன்று பேரும் சொல்லிக் கொடுத்தபடியே கயிற்றை விட்டு உருண்டார்கள். நாலாவது கயிற்றை அவன் இரண்டு கையாலும் பற்றிச் சுண்டி இழுத்தான். மணிக்கட்டில் சுற்றிய கயிறு இறுக, பாலகுமார் கன்றுக்குட்டி போலத் தடுமாறிக்கொண்டு வந்து மோதினான். ரப்பர் அரிவாளை சுரேந்திரன் கீழே போட்டுவிட்டான். முழங்கையை மடக்கி மூக்கின் மேல் இறக்கினான். எலும்பு நொறுங்கிய சத்தம் முகமூடிக்குள்ளும் கேட்டது.

"மச்சான்... மெதுவா," என்றான் பாலகுமார். காலையில் அடித்ததற்குப் பதில் என்றுதான் நினைத்திருப்பான். சிரிக்கக்கூடப் பார்த்தான். சிரித்த பல்லில் ரத்தம் வழிந்தது.

பதினான்கு வருஷமாக நாலு விரற்கடை முன்னால் நிறுத்திப் பழகிய கை அது. எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவனுக்கு எங்கே அடிப்பது என்றும் தெரியும். முழங்காலை விலாவில் ஏற்றினான். ஏதோ உள்ளே முறிந்து, பாலகுமார் காற்றுக்குத் தவித்துக்கொண்டு மடங்கினான். தலைமயிரைப் பிடித்துத் தூக்கி, வாயில் குத்தினான். மறுபடியும் வாயில் குத்தினான். இரண்டு பல் சிமெண்டில் உருண்டு போயிற்று. பாலகுமார் குப்புற விழுந்து, கையை நீட்டித் தரையைத் தட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று.

சுரேந்திரன் பார்த்தான். பார்த்துவிட்டு அந்தக் கை மேலேயே பூட்ஸ் காலை வைத்து ஏறி நின்றான்.

"போன்ல யாரு? சொல்லு."

மானிட்டரில் தெரிந்ததெல்லாம் புகையும் முதுகும்தான். மொரிதா குனிந்து பார்த்துக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தார். முதலில் புரிந்துகொண்டவர் ஒகூரா. தங்கள் சினிமா ரத்தச் சாயம் இவ்வளவு கறுப்பாக உறையாது என்று அவருக்குத் தெரியும். கத்திக்கொண்டு ஓடினார், பின்னாலேயே ஷண்முகப்ரியாவும் ஓடினாள். கருப்பம்மாள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றாள். அவள் நின்றதும் மற்றப் பெண்களும் வரிசையாக நின்றுவிட்டார்கள்.

"தொடாதீங்க! அருளு எறங்கிருக்கு!"

"அருளுமில்ல ஒண்ணுமில்லீங்க!" ஷண்முகப்ரியா அழுகிற குரலில் கத்தினாள். "ஆளைக் கொல்றாருங்க! ஏனுங்க, கண்ணு தெரியலீங்களா? உடுங்க!"

"சின்னப் புள்ள, ஒனக்கு வெளங்காது. கயிறு கட்டி, தப்பு அடிச்சு, அந்த மொகத்தயும் மாட்டிவிட்டா வராம என்ன செய்யும்? அழகையா மகனாச்சே!" கருப்பம்மாள் திரும்பித் தப்புக்காரர்களைப் பார்த்தாள். "நிறுத்திராதீங்கடா! நிறுத்தினா எல்லாரும் அழிஞ்சோம்!"

ஒருத்தரும் நிறுத்தவில்லை. அடி இன்னும் வேகமாயிற்று. ஒகூராவையும் பின்னால் ஓடிவந்த மொரிதாவையும் ஆளுக்கு இரண்டு பேர் மரியாதையாக, ஆனால் உறுதியாக, இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். சாமியிடமிருந்து வெளியூர்க்காரரைக் காப்பாற்றுகிறார்களாம். இந்த மூடத்தனத்தை என்னவென்று சொல்வது? நாற்பது பேர் கண்ணெதிரே ஒருத்தனை ஒருத்தன் அடித்துச் சாகடிக்கிறான், நாற்பது பேரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள்.

பாலகுமாரின் மோதிர விரலைப் பிடித்துப் பின்பக்கமாக மடக்கினான் சுரேந்திரன். அது சுள்ளி போல ஒடிந்தது. பாலகுமாரிடமிருந்து மனுஷக் குரலே வரவில்லை.

"சத்தமா சொல்லு. எல்லாருக்கும் கேக்கணும்."

"நான்தான்!" என்று அலறினான் பாலகுமார். "நான்தான் கயித்த விட்டேன்! மாமாவ நான்தான் கொன்னேன்! போனு அடிச்சுச்சு... எடுத்துட்டேன்... மச்சான் விடல, மச்சான் மேல தப்பில்ல..."

தப்பைத் தாண்டி அது கூடம் முழுக்கக் கேட்டது. பெண்கள் குலவையிட்டார்கள். "சாமி வாயத் தொறக்க வச்சிருச்சு!" என்று யாரோ அழுதார்கள்.

"யாரு பேசுனது?"

"யாருமில்ல... கம்பெனிக்காரி... காலர் டியூன் வைக்கணுமான்னு கேட்டா..."

சுரேந்திரனுக்கு அழுகை வந்தது. முகமூடிக்குள் வாய்விட்டு அழுதான். பதினான்கு வருஷம் கேட்க நினைத்த வார்த்தையைக் கேட்டாயிற்று, ஊரும் கேட்டாயிற்று, இனிமேல் அவனை அப்பனைக் கொன்றவன் என்று சொல்ல ஒருத்தருக்கும் நாக்கு வராது. நெஞ்சில் கிடந்த பாறை நகர்ந்த மாதிரிதான் இருந்தது. இத்தோடு கையை எடுத்திருந்தால் அவன் நல்லவன், ஊரே அவனைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும். அவன் அடுத்த விரலைப் பிடித்தான்.

அது ஒடிந்தது. அதற்கடுத்ததும் ஒடிந்தது. கேட்பதற்கு இனி ஒன்றும் இல்லை, அதனால் ஒன்றும் கேட்கவில்லை. சுகமாக இருந்தது. அதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. இத்தனை வருஷம் வாங்கிய அடியெல்லாம் திரும்பிப் போகிறாற்போல அவ்வளவு சுகமாக இருந்தது. வலது கையில் ஒடிக்க ஒன்றும் மிச்சமில்லாமல் போனபோது எழுந்து, முறிந்த விலாவில் குறிவைத்து மூன்று உதை விட்டான். பாலகுமாரின் வாயிலிருந்து நுரையும் ரத்தமுமாக வந்தது.

அப்போதுதான் கருப்பம்மாள் சூடத்தட்டோடு வந்து எதிரே மண்டியிட்டாள்.

"வந்திருக்கது யாரு சாமி?"

தப்பு தணிந்தது. சுரேந்திரன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். முகமூடியின் பூட்டு தாடைக்குக் கீழே இருந்தது, விரல் அங்கே போயிற்று. ஒரு அமுக்கு அமுக்கினால் கழன்றுவிடும். மூக்குத் துளை வழியாகப் பார்த்தான். நாற்பது பேரும் கும்பிட்டபடி தரையில் விழுந்து கிடந்தார்கள். நேற்று இரக்கப்பட்டுத் தோளைத் தட்டியவர்கள் இப்போது தலைநிமிர்ந்து அவன் காலைப் பார்க்கக்கூடப் பயந்தார்கள். ஏன் அடித்தாய் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. கேட்கப் போவதுமில்லை.

விரலைப் பூட்டிலிருந்து எடுத்துவிட்டான்.

"வீரபத்திரன்," என்றான்.

மறுபடி ஒரு குலவை எழுந்தது. கருப்பம்மாள் சூடத்தை மூன்று சுற்றுச் சுற்றினாள். கூட்டத்திலிருந்து இந்துமதி முட்டி போட்டு நகர்ந்து வந்தாள். புருஷன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவன் மூஞ்சி அவளுக்கே அடையாளம் தெரியாமல் வீங்கியிருந்தது. ஆனாலும் மூச்சு இருந்தது, இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தது. கீழே ஜீப் நின்றது. கோத்தகிரி ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிஷம். ஷண்முகப்ரியா படிக்கட்டில் நின்று போனில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

இந்துமதி நிமிர்ந்து முகமூடியைப் பார்த்தாள். காலையில் அண்ணே என்று தேத்தண்ணி கொடுத்தவள்.

"தெரியாம செஞ்சுட்டாரு சாமி. எங்களுக்கும் பொய் சொல்லிட்டாரு. அதுக்குக் கூலி குடுத்தாச்சு." புருஷன் வாயில் வழிந்ததை முந்தானையால் துடைத்தாள். "சாமிக்கு மனசு எறங்கிருச்சா? இல்ல, இன்னும் இருக்கா?"

போதும் தாயி என்று சொன்னால் ஆயிற்று. தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், பிழைத்துக்கொள்வான். சுரேந்திரனுக்கு அது நன்றாகத் தெரிந்தது. பாலகுமாரின் இடது கை ஒரு காயமுமில்லாமல் முழுசாகத் தரையில் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னும் இருக்கு," என்றான்.

இந்துமதி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடித்துத் தரையில் வைத்தாள். சிமெண்டு குத்தாமல் புருஷன் தலையை அதன் மேல் இறக்கினாள். கும்பிட்ட கையோடு எழுந்து, ஒதுங்கி வழிவிட்டாள்.